பால் கணக்கு நோட்டும் பழைய காரும்

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "கையில் இரண்டரை லட்சம்தான் இருக்கிறது. புது கார் வாங்க வழியில்லை. பின்னால் டிக்கி நீட்டிய பெரிய கார் பழசாகக் கிடைக்கிறது. வாங்கினால் செலவு வைத்து நம்மைக் கவிழ்த்து விடுமா?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. நாங்கள் கவிழ்ந்தும் பார்த்தோம், எழுந்தும் பார்த்தோம். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மணிமங்கலத்தில். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். கார் கம்பெனிகளுக்கு நடுவில் குடித்தனம் என்றே சொல்லலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு 1996-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் சான்ட்ரோ வந்தது, அடுத்த வருஷமே டிக்கி வைத்த ஆக்சென்ட் வந்தது. அதே 1999-ல் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-ல் திறந்தது, அங்கிருந்து 2011-ல் சன்னி என்ற பெரிய கார் வந்தது. இதற்கெல்லாம் முன்னாலேயே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி கார் செய்ததைப் பார்த்தவர் என் மாமியார். "அப்ப ஹெரால்டு கார் ஒண்ணு தெருவில வந்தா, நாங்கெல்லாம் வேலையைப் போட்டுட்டு வாசலுக்கு வருவோம்" என்பார்.

இப்போது வாசலுக்கு வர வேண்டியதில்லை. பெங்களூரு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால், புத்தம் புது கார்களை மேலும் கீழுமாக அடுக்கிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் வரிசையாகப் போகும். என் கணவர் இந்தக் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து தரும் ஒரு யூனிட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அவர் கையைத் தாண்டிப் போகும் சாமான், யார் யார் வீட்டுக் காரிலோ போய் உட்காரும். எங்கள் வீட்டில் மட்டும் பதினைந்து வருஷம் ஒரே பைக்தான்.

2019 ஜனவரியில் அந்த ஆசை நிறைவேறியது. 2010-ம் வருஷத்து பெட்ரோல் கார், 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, விலை 2 லட்சத்து 10 ஆயிரம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பின்னால் நடந்ததற்குக் கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஏன் சின்ன கார் வாங்காமல் இதை வாங்கினோம் என்று கேட்பீர்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி. சின்ன காரின் பின் சீட்டில் காலை மடக்கி உட்கார வைத்து வண்டலூர் தாண்டுவதற்குள் அவர் முகம் சுருங்கி விடும். இந்தக் காரில் காலை நீட்டி, சாய்ந்து, கோயில் வாசல் வரைக்கும் தூங்கிக் கொண்டே வருவார். அப்புறம் டிக்கி. வந்தவாசிப் பக்கம் எங்கள் நிலத்து நெல்லை அரைத்து இரண்டு மூட்டை அரிசி, ஒரு தார் வாழை, ஊறுகாய் ஜாடி எல்லாம் அதில் அடங்கும். இன்னொரு விஷயம், பழைய மார்க்கெட்டில் இந்த மாதிரி வண்டி சீக்கிரமே விலை இறங்கி விடுகிறது. புதுசாக இருக்கும்போது சின்ன காரைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விலை. பத்து வருஷம் கழித்து இரண்டும் ஏறக்குறைய பக்கத்தில் வந்து நிற்கும். ஏனென்று அப்போது நான் யோசிக்கவில்லை. வாங்குகிறவன் பராமரிப்புச் செலவை நினைத்துப் பயப்படுகிறான், அதனால்தான் விலை இறங்குகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தோம். இரண்டரை வருஷம் ராஜா மாதிரி ஓடியது. ஆயில் மாற்றினோம், டயர் மாற்றினோம், அவ்வளவுதான். என்னவர் அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக் கொண்டார்: "பைசா செலவில்லை சார்!"

2021 செப்டம்பர். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பாட்டுப் பந்தியில் கூட்டம், மாமியாரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய், மாத்திரை மட்டும் போட்டுக் கொண்டு விட்டார். இரவு பத்தரை மணி இருக்கும். வாலாஜாபாத் தாண்டி, ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு இன்னும் சில கிலோமீட்டர். "அம்மாடி, கை நடுங்குதுடி, வேர்க்குது" என்றார் அத்தை. திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்து விட்டது. "வேகமா போங்க" என்றேன். என்னவர் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

அந்த நிமிஷம் கார் நின்று விட்டது.

சத்தமில்லை, புகையில்லை, எச்சரிக்கையில்லை. ஃபேனை நிறுத்தினால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. உருட்டிக் கொண்டே ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் 'சர்ர்ர்' என்று ரொம்ப லேசாகச் சுற்றியது. வழக்கமாக இருக்கும் அந்த முக்கல் முனகல் இல்லை. கிரைண்டரில் மாவு இல்லாமல் குழவி சுற்றினால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி. பக்கத்தில் டிப்பர் லாரிகள் எங்களை உரசுகிற மாதிரி பறக்கின்றன. கடை கண்ணி எதுவும் இல்லை. காரில் ஒரு மிட்டாய் கூட இல்லை.

ஷிப்ட் முடிந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு வந்த ஒரு கம்பெனி பஸ், நான் நடு ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டியதும் நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண், இருபது வயதுதான் இருக்கும், தன் பையிலிருந்து மாம்பழ ஜூஸ் பாக்கெட்டையும் பிஸ்கட்டையும் எடுத்து நீட்டினாள். அத்தைக்கு வாயில் ஊற்றினோம். பத்து நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. அதே பஸ்ஸில் எங்களை ஏற்றிப் படப்பையில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி விட்டுத்தான் போனார் அந்த டிரைவர். அந்தப் பெண்ணின் பேரைக் கூடக் கேட்கவில்லை நான். இதைப் படித்தால், தாயே, அத்தை நன்றாக இருக்கிறார்.

மறுநாள் வண்டியை இழுத்துக் கொண்டு போய்ப் படப்பை மெக்கானிக் செட்டில் போட்டோம். மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறந்து, ஒரு மூடியைக் கழற்றிப் பார்த்தார். அறுந்த ரப்பர் பெல்ட் ஒன்று கையில் வந்தது, தேய்ந்த செருப்பு வார் மாதிரி. "டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார். என்னவர் முகத்தை நான் பார்த்தேன், என் முகத்தை அவர் பார்த்தார். பைசா செலவில்லாமல் ஓடிய ரகசியம் அதுதான். மாற்ற வேண்டியதை யாருமே மாற்றவில்லை.

இன்ஜினுக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் தாளம் தப்பாமல் வைத்திருப்பது அந்தப் பெல்ட். கோலாட்டத்தில் ஒருத்தி தாளம் தப்பினால் அடுத்தவள் விரலில் கோல் விழுமே, அது போலத்தான். பெல்ட் அறுந்ததும் வால்வு திறந்தபடி நிற்க, பிஸ்டன் வந்து இடித்து, அத்தனை வால்வும் வளைந்து விட்டது. இன்ஜின் தலையைக் கழற்றி, வால்வு, கேஸ்கெட், பெல்ட், தண்ணீர் பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டு 38,000 ரூபாய். "பெல்ட்டை நேரத்துக்கு மாத்தியிருந்தா ஏழாயிரத்தோட முடிஞ்சிருக்கும்க்கா" என்றார் தம்பி.

என் இரண்டு பவுன் செயின் அடகுக் கடைக்குப் போயிற்று.

வீட்டில் பெரிய சண்டை. "இந்தச் சனியனை வந்த விலைக்குத் தள்ளி விடறேன்" என்று என்னவர் ஒரு புரோக்கரைக் கூட்டி வந்து விட்டார். அந்த ஆள் 60,000 ரூபாய் என்றான். எனக்கு வயிறு எரிந்தது. காரின் முன் பெட்டியைத் திறந்தேன். அங்கே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், முதல் சொந்தக்காரர் வைத்தபடியே, காரோடு வந்த புத்தகம். இரண்டரை வருஷமாக அதன் மேல் சாமி படமும் டோல்கேட் ரசீதும்தான் இருந்தன. ஆங்கிலம் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். பத்தாவது படிக்கும் என் மகளை உட்கார வைத்துப் படித்தோம். கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை. எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. டைமிங் பெல்ட்டுக்கு நேரே 60,000 கிலோமீட்டர். எங்கள் வண்டி நின்றபோது ஓடியிருந்தது 1,02,000.

"பாத்தீங்களா, கார் நம்மளை ஏமாத்தலை" என்றேன். நாள் முழுக்க கார் சாமான் செய்கிறவர், பதில் பேசவில்லை. புரோக்கரைத் திருப்பி அனுப்பி விட்டோம்.

அன்றைக்குத்தான் பால் கணக்கு நோட்டு மாதிரி காருக்கும் ஒரு நோட்டு போட்டேன். பால்காரரிடம் ஒரு பாக்கெட் அதிகம் எழுதினால் மாதக் கடைசியில் பிடித்து விடுகிறோம் இல்லையா? அதே கண்தான் இதற்கும் வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் எத்தனை லிட்டர், எதை மாற்றினோம், எவ்வளவு, அடுத்து எப்போது. இவ்வளவுதான்.

நோட்டு போட்ட பிறகு ஊரில் யார் யார் இந்த மாதிரி கார் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் போய் விசாரிக்க ஆரம்பித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எதிர் வீட்டு அண்ணன் பழைய ஆக்சென்ட்டை 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டுகிறார். ரகசியம் என்னவென்றால், அவர் வீட்டு அக்கா சர்வீஸ் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கிறார்! பின் தெருவில் சன்னி வைத்திருக்கும் டீச்சர், "எனக்கு பெல்ட் கவலையே இல்லைம்மா, இதுல செயின்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, சில இன்ஜினுக்கு ரப்பர் பெல்ட், சிலதுக்கு இரும்புச் செயின். ஒரே கம்பெனியிலேயே ஒரு இன்ஜினுக்கு இது, இன்னொன்றுக்கு அது என்று இருக்கும். செயின் பொதுவாக நீண்ட நாள் வரும், ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்ற வேண்டும். பழைய கார் வாங்கப் போகும் சகோதரிகள் கலரையும் சீட் கவரையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் எப்போது மாற்றியது, ரசீது எங்கே? ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக் கொண்டு, அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் கார் நின்ற அதே 2021 செப்டம்பரில்தான், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. அந்தக் கம்பெனியின் டிக்கி வைத்த காரை வைத்திருந்த எங்கள் உறவுக்காரர் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தார்கள். "இனிமே ஸ்பேர் கிடைக்காது, இரும்புக் கடைக்குத்தான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று கம்பெனி அப்போதே சொல்லியிருந்தது. மறைமலை நகரில் 2022-ல் உற்பத்தி நின்றது. அவர் விற்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கார் ஓடுகிறது, அவசரத்துக்கு விற்றவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள் என்பார். அதே தொழிற்சாலையை ஏற்றுமதிக்காகத் திரும்பப் பயன்படுத்தப் போவதாக 2024-ல் அந்தக் கம்பெனி சொன்னபோது எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸே வந்தது.

நோட்டு எழுத எழுத, ஓட்டவும் கற்றுக் கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அந்த ராத்திரி என்னவருக்கே ஏதாவது ஆகியிருந்தால்? ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக் கொடுத்தது சின்ன காரில். லைசென்ஸ் வாங்கி விட்டு நம் வண்டியில் உட்கார்ந்தால், அம்மாடி, முன்னால் பானெட் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, பின்னால் டிக்கி எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை! முதல் வாரமே ரிவர்ஸ் எடுத்து எங்கள் வீட்டுத் துளசி மாடத்தை இடித்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புதுத் துளசிச் செடி வாங்கிக் கொண்டு வா என்று என்னையே ஓட்டிப் போகச் சொன்னார்.

இந்த வண்டியை ஓட்டுவது குண்டான் நிறையக் கொதிக்கும் சாம்பாரைத் தூக்கிக் கொண்டு நடப்பது மாதிரி. அவசரப்பட்டால் சிந்தும், நிதானமாகப் போனால் அது பாட்டுக்கு வரும். நீளமான வண்டி, வேகத்தில் ரோட்டோடு ஒட்டிக் கொண்டு ஓடும். ஆனால் அடிவயிறு தாழ்வு. ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் அரிசி மூட்டையும் இருந்தால், நம் ஊர் வேகத்தடையில் உரசாமல் இருக்காது. கொஞ்சம் சாய்வாக, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி எடுத்தால் தப்பிக்கலாம். டயர் காற்றுக்கு டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் இரண்டு பேர் போனால் எவ்வளவு, நிறைய பேர் போனால் எவ்வளவு என்று தனித் தனியாகப் போட்டிருக்கிறது. காற்றடிக்கிற பையன் எல்லாருக்கும் ஒரே அளவுதான் அடிப்பான், நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து ரோட்டில் கார் ஓட்டுவதில் பாதி, டிரெய்லரிடமிருந்து தப்பிப்பதுதான். அதன் பக்கக் கண்ணாடி நமக்குத் தெரியவில்லை என்றால் அந்த டிரைவருக்கும் நாம் தெரிய மாட்டோம். டிரெய்லர் இடது பக்கம் திரும்பப் போகிறது என்றால், அதன் இடது பக்கச் சந்தில் மூக்கை நுழைக்கவே கூடாது. முன் பகுதி திரும்பினாலும் பின் சக்கரம் குறுக்கே வெட்டிக் கொண்டு வரும். இதை எனக்குச் சொன்னது ஒரு டிரெய்லர் டிரைவரின் மனைவி, எங்கள் சீட்டுக் குழுவில் இருக்கிறார்.

என்னவர் இருபது வருஷமாக ஓட்டுகிறவர், ஆனால் கிளட்ச் மேலேயே காலை வைத்துக் கொண்டிருப்பார். ஒரகடம் சிக்னலில் ஒரு இன்ச் நகர்ந்தாலும் பாதி கிளட்சில் பிடித்து நிற்பார், கருகிய வாசனை வரும். நான் சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளி, காலை எடுத்து விடுவேன். நோட்டில் இருக்கிற கணக்கு: அவர் ஓட்டினால் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், நான் ஓட்டினால் 14. அத்தையின் தீர்ப்பு வேறு: "அவன் ஓட்டினா சாமி கும்பிட்டுக்கிட்டே வரேன். நீ ஓட்டினா தூங்கிக்கிட்டே வரேன்." அன்று இரவு சாதம் போடும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

இனி வெள்ளக் கதை. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு பொங்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முழுகியது, எங்களுக்குக் கூப்பிடு தூரம். அப்போது எங்களிடம் கார் இல்லை. ஆனால் தண்ணீர் வடிந்ததும் சொந்தக்காரர்கள் செய்ததை நான் பார்த்தேன். சேற்றைக் கழுவி விட்டு, ஆசையாகச் சாவியைத் திருப்பினார்கள். அங்கேதான் இன்ஜின் செத்தது. காற்று போகும் வழியில் தண்ணீர் உள்ளே போயிருக்கும். காற்றைப் பிஸ்டன் அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அமுக்கப் பார்த்தால் உள்ளே இருக்கிற இரும்புத் தண்டே வளையும். அதை விடக் கொடுமை, சாதாரண இன்ஷூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது பெரும்பாடு. வெள்ளத்தில் நின்றதற்குத் தருவார்கள். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அது உங்கள் தப்பு என்று விடுவார்கள். அதற்கென்றே இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். விடிய விடிய மழை. காரை மேட்டில் விடலாம் என்று முதல் நாளே சொன்னேன், "இங்கெல்லாம் வராது" என்று விட்டார். (2024 அக்டோபர் மழைக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரை நிறுத்தியதைப் பார்த்துச் சிலர் கேலி பேசினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.) காலையில் பார்த்தால் சைலன்ஸர் முழுகி, கதவுக்குள் தண்ணீர். மத்தியானம் கொஞ்சம் வடிந்ததும் என்னவர் லுங்கியை மடித்துக் கட்டிக் கொண்டு, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடறேன்" என்று சாவியைத் தேடினார். ஆணியில் சாவி இல்லை. அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, மேலே உட்கார்ந்திருந்தேன்.

"சாவி எங்க?"

"தர மாட்டேன்."

"வெளையாடாத. தண்ணி உள்ளயே இருந்தா துருப் பிடிச்சிடும்."

"துரு பிடிக்க நாள் ஆகும். வளையறதுக்கு ஒரு செகண்ட் போதும். என் செயினை அடகு வெச்சது மறந்து போச்சா?"

அத்தை கட்டிலில் இருந்தபடியே, "டேய், அவ சொல்றதைக் கேளு" என்றார். மாமியார் மருமகள் பக்கம் பேசிய அபூர்வமான நாள், தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

பேட்டரி வயரை மட்டும் கழற்றி விட்டு, நாலு நாள் கழித்து கயிறு கட்டி இழுத்துக் கொண்டு போனோம். தம்பி ஏர் ஃபில்டரைத் திறந்தார். ஈரமாக இருந்தது. பிளக்கைக் கழற்றி விட்டு இன்ஜினைச் சுற்றினார், ஓட்டை வழியாகத் தண்ணீர் பிச்சிக் கொண்டு அடித்தது. "அக்கா, ஸ்டார்ட் பண்ணியிருந்தீங்கன்னா ஒரு லட்சம்" என்றார். ஆயில், ஃபில்டர், பிளக், கார்ப்பெட் காய வைத்தது எல்லாம் சேர்த்து 6,400 ரூபாயில் வண்டி வீடு வந்தது. என்னவர் அன்றைக்குத் திரும்பி வரும்போது என்னை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டார்.

ஒரகடத்தில் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கவே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. பெரிய பெரிய ஓடு பாதை, மோத விட்டுப் பார்க்கிற கூடம் எல்லாம் உண்டு. அங்கே சோதிப்பது புது வண்டியை. பத்து வருஷம் ஆன வண்டியைச் சோதிக்க நம் கண்ணும் காதும்தான் இருக்கிறது. டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறினால் ஓரம் கட்டி அணைத்து விட வேண்டும், சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது, குக்கர் மாதிரி பீச்சியடிக்கும். எங்கள் பக்கம் டிப்பர் லாரிப் புழுதி அதிகம், ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்னதை விடச் சீக்கிரமே மாற்றுகிறேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, பழைய வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்று தம்பி சொன்னதால், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

2025-ல் காருக்கு 15 வயது முடிந்தது. ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும், கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. என்னவருக்குப் புதுசு வாங்கும் ஆசை வந்தது. செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்ததே என்றார். கணக்கு போட்டுப் பார்த்தேன். சின்ன காருக்குத்தான் 18 சதவீதம். நாலு மீட்டருக்கு மேல் நீளமான வண்டிக்கு 45-ஆக இருந்தது 40 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற வெர்னாவுக்கு 2023-ல் குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது, பாதுகாப்பான வண்டிதான். எங்கள் பழைய வண்டியை அதோடு ஒப்பிடவே முடியாது என்பதையும் ஒப்புக் கொள்கிறேன். ஆனால் 10 லட்சத்துக்கு மேல். மகள் காலேஜ் படிக்கிறாள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நானே ஓட்டிக் கொண்டு போனேன். வண்டியைச் சுற்றிப் பார்த்த அதிகாரி, பின் சீட்டில் கிடந்த நோட்டைப் புரட்டினார். "இது யாரு எழுதினது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை, ஹாரனும் பிரேக்கும் லைட்டும் பார்த்தார். இன்னும் 5 வருஷத்துக்கு ஆர்.சி. கிடைத்தது.

செயினை 14 மாதத்தில் மீட்டு விட்டேன். அந்தப் பழைய பெல்ட்டையும் தூக்கிப் போடவில்லை, நோட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். புதுப் பெல்ட்டுக்கு 1,62,000 கிலோமீட்டர், அல்லது 2026 செப்டம்பர், எது முதலில் வருகிறதோ அது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. மாதம் 300 ரூபாய் அதற்கென்று கடுகு டப்பாவில் விழுகிறது. போன வாரம் என்னவர் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்துப் புரட்டினார். "ஏம்மா, பெல்ட்டுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கு?" என்று கேட்டார். டப்பாவை எடுத்து எண்ணச் சொன்னேன்.

- ஒரு வாசகி, மணிமங்கலம்